கேமைத் திறந்தது யார்?

கணினியின் கருவறையில் எந்த நிரல் பிறந்தாலும் அந்த நொடியே அவருக்குச் சேதி வந்துவிடும். அப்படியொரு கண்காணிப்பு நிரலை எழுதிய மேதை அவர். அதை வைத்து அவர் வேவு பார்த்ததோ சொந்த மகனின் கணினியை.

மாலையில் அந்தச் சேதியோடு போன் சிணுங்கியது. மீட்டிங்கைப் பாதியில் விட்டு எழுந்துபோய் மனைவியைக் கூப்பிட்டார்.

"கேமைத் திறந்துட்டான் பாரு, உன் சீமந்த புத்திரன்!"

"விடுங்களேன்."

"பரீட்சை நேரத்துல என்ன விளையாட்டு? செல்லம் குடுத்துக் கெடுக்கிறதே நீதான்."

அவள் குரல் உடைந்தது. "தினமும் இப்படிக் கூப்பிட்டா நான் என்னங்க செய்வேன்? பிள்ளையைப் பறிகொடுத்து வருஷமாகுது. ரூமும் பூட்டித்தான் கிடக்கு. யாருங்க அதைத் திறக்கிறது?"

அவர் போனை வைத்துவிட்டார்.

பள்ளி விட்டு அவன் வரும் நேரத்துக்குக் கேம் தானாகத் திறக்கும்படி எழுதிவைத்ததும் அவர்தான்.