வீட்டில் இருப்பது குப்பன்

உப்பளம் பகுதியில் குடியிருந்த கார்குழலிக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தொட்டிலிலேயே இறந்துபோயின. மூன்றாவது பிறந்ததும், பக்கத்து வீட்டுத் தையல்நாயகி பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பெயர் வைக்கச் சொன்னாள்.

“குப்பைய எமன்கூடத் தூக்கமாட்டான்டி. ஊர்ல இத்தினி குப்புசாமிங்க எப்பிடி வந்தாங்கன்னு நெனச்ச?”

கணவன் இளஞ்செழியன் அதைக் கேட்கவில்லை. நிலவன் என்று முடிவு செய்தான். பெயர் சூட்டும் நாள்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பெயர் சூட்டலுக்கு முதல் நாள் மதியம், முன்பின் பார்த்திராத ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். அந்த வெயிலிலும் அவள் முகத்தில் வியர்வை இல்லை.

“நிலவன் இருக்கானா?”

கார்குழலி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“அப்பிடி யாரும் இல்லீங்க. இவன் குப்பன். குப்பையிலேர்ந்து எடுத்தது.”

அந்தப் பெண் குழந்தையை உற்றுப் பார்த்தாள்.

“அப்ப வேற வீடு போல” என்று சொல்லிவிட்டு நிதானமாக நடந்தாள்.

கார்குழலிக்கு உள்ளே போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்தப் பெண் தெருமுனையை நெருங்கும்போது இளஞ்செழியனின் பைக் அவளைக் கடந்து தெருவுக்குள் திரும்பியது. பேசாதே என்று கார்குழலி கையை வீசி வீசிக் காட்டினாள். தன்னை வரவேற்கிறாள் என்று நினைத்த அவன், வண்டியில் வந்தபடியே உற்சாகமாகக் கத்தினான்.

“நிலவா! அப்பா வந்துட்டேன்டா!”

தெருமுனையில் அந்தப் பெண் நின்றாள்.