பாதியில் நின்ற வரி

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிட்டான். பல் விளக்கினான், பாலைக் காய்ச்சினான், துணிகளை மெஷினில் போட்டான். காபியை மேசையில் வைத்துவிட்டு, மனைவி சொல்லிவிட்டுப் போன வேலையைச் செய்ய லேப்டாப்பைத் திறந்தான்.

அவளுடைய வலைப்பூ இன்றும் வரவில்லை. முகவரியை அடித்தால் பக்கம் திறப்பதற்குப் பதிலாக ஒரு கோப்பு டவுன்லோட் ஆனது. அதற்குள் அவள் எழுத்து ஒன்றுகூட இல்லை. வெறும் அடைப்புக்குறிகளும் டாலர் குறிகளும்தான்.

வலைப்பூவை நடத்துவது ஒரு பி.எச்.பி. செயலி. சர்வர் அதை ஓட்டிப் பக்கமாகக் காட்ட வேண்டும். இந்த சர்வருக்கு ஓட்டத் தெரியவில்லை, வந்ததை அப்படியே தூக்கி வெளியே போட்டது.

ஓட்டும் முறையை செட்டிங் கோப்பில் எழுதி ஏற்றினால் சிவப்பு எழுத்தில் ஏதோ முணுமுணுத்தது. அவன் எழுதியதை மாற்றி மறுபடி ஏற்றினான். அதே சிவப்பு. வாரக்கணக்கில் இதே கூத்து. மேசையை ஓங்கிக் குத்தியதில் காபி சிந்தியது.

வாசல் மணி அடித்தது. மாமியார்.

“ஆச்சா மாப்பிள்ளை?”

“இன்னும் இல்ல அத்தை.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்று படிக்காமல் நகர்வதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார்.

அவர் மகள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பாளராக இருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றியெல்லாம் வலைப்பூவில் எழுதினாள். அவள் மருத்துவமனையில் கிடந்த நாட்களில்தான் அந்தத் தளத்தை வைத்திருந்த கம்பெனி கடையைக் கட்டியது; வலைப்பூவை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டி வந்தது. அவள் இறந்த அன்று, கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டார். தன் ப்ளாகை எப்படியாவது ஓட வைக்கச் சொன்னாள் என்றான்.

அன்றிலிருந்து மாமியார் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார். துக்கம் கேட்க வந்தவர், மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. மூச்சு முட்டும்போதுகூடத் தன் மகளுக்கு எழுத்துதான் நினைப்பு என்பார்.

வேலை தெரிந்த ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடலாமா என்று அவன் மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

“ஊர்ல ஆளா இல்ல? அவ உங்ககிட்டதானே சொன்னா,” என்றார் மாமியார்.

அவன் மைத்துனனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். வெளியூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவன் அங்கிருந்தபடியே இந்தத் திரையைப் பார்த்தான்.

“மாமா, இந்தச் சிவப்பை ஒரு தடவையாவது முழுசாப் படிச்சீங்களா?”

“படிச்சேன்டா. தப்புங்குது.”

“எந்த ஃபைல்ல தப்புங்குது?”

அவன் குனிந்து படித்தான். தினமும் எழுதி எழுதி அழித்த கோப்பின் பெயர் அதில் இல்லை. வேறு பெயர் இருந்தது.

“நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கு. அதே ஃபோல்டர்ல இன்னொண்ணு அரைகுறையாக் கெடக்கு. அது கெடக்கற வரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் சர்வர் புதுசை ஏத்துக்காது, பழையபடியேதான் ஓடும்.”

அந்தக் கோப்பைத் திறந்தான். நாலைந்து வரிகள் ஒழுங்காக இருந்தன. கடைசி வரி பாதி வார்த்தையில் நின்றிருந்தது.

“யாரு மாமா இது, சோத்துக்குக் கூப்பிட்ட மாதிரி பாதியில எழுந்து ஓடினது?”

“நான்தான்.”

மைத்துனன் சிரித்தான். பிறகு கோப்பின் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

“மாமா, இது அக்கா போன அன்னிக்கு…”

“ஆமா.”

“என்னடா ஆச்சு?” என்றார் மாமியார்.

“ஒண்ணுமில்லம்மா. மாமா, அதை எடுத்துட்டு ஏத்துங்க.”

எடுத்தான். ஏற்றினான். இந்த முறை முணுமுணுப்பு இல்லை. முகவரியை அடித்ததும் வலைப்பூ விரிந்தது, அவள் வைத்திருந்த அதே பச்சைத் தலைப்போடு.

மாமியார் திரையருகே முகத்தைக் கொண்டுபோய், எழுத்துக்கூட்டாத குறையாக, உரக்கப் படித்தார்.

“எங்க வீட்டுக்காரருக்கு நான் வெச்ச பேர் ‘ஒரு நிமிஷம்’. கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கறப்ப வீடு பத்தி எரியுதுன்னு சொன்னாலும் நிமிர்ந்து பார்க்காம அதைத்தான் சொல்லுவார்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவ கடைசியாக் கேட்டதைச் செஞ்சுட்டீங்க மாப்பிள்ளை. அது போதும்.”

அவன் தலையாட்டினான். சிந்திய காபி மேசையில் காய்ந்திருந்தது.

அன்றும் இதே லேப்டாப்தான், மருத்துவமனைக் கட்டிலுக்கு எதிரே, அவன் மடியில் இருந்தது. அந்த வரியை அடித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், “ஒரு நிமிஷம்” என்றான். அவள் கடைசியாகச் சொன்னதற்கு அதுதான் அவன் கொடுத்த பதில்.

“அது ஓடாட்டிப் போகுது. மூடிட்டு இப்படி வந்து உக்காருங்க.”