பள்ளிவாசல் தெரு ஓட்டு

ஐம்பத்திரண்டாம் ஆண்டுத் தேர்தலுக்கு முந்தின வாரம், அலாவுதீன் ராவுத்தர் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: ராவுத்தர், அவர் மனைவி சாரா உம்மாள், சட்டசபைக்கு நிற்கும் சின்னையா.

“பள்ளிவாசல் தெருவுல ஒனக்கென்ன சோலி?” என்றார் ராவுத்தர்.

“ஓட்டுக் கேக்க வந்தேன் ராவுத்தரே.”

“வெள்ளைக்காரன் காலத்துல எங்க ஓட்டு எங்க ஆளுக்கு, ஒங்க ஓட்டு ஒங்க ஆளுக்கு. யாரும் யார் வாசலையும் மிதிச்சதில்ல.”

“அதான் மாறிப்போச்சே. இப்ப யாரும் யாருக்கும் போடலாம்.”

சாரா உம்மாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“குடிங்கண்ணே. என் ஓட்டு ஒங்களுக்குத்தான்.”

சின்னையா குடித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ராவுத்தர் மனைவி பக்கம் திரும்பினார்.

“கிறுக்கா புடிச்சிருக்கு? அவனை எதுத்து நிக்கிறதே நாந்தானே.”

“அவரு நம்ம தெருவுக்கு வந்து கேட்டாரு. நீங்க அவுக தெருவுக்குப் போனீங்களா மச்சான்?”

“அங்கிட்டு எதுக்கு? நம்ம ஆளுக ஓட்டு போதும்.”

“போதாது. வெறும் இந்தத் தெருவ வச்சு இனிமே ஜெயிக்க முடியாது.”

“போயி என்னன்னு கேக்குறது?”

“அவரு கேட்ட மாதிரித்தான்.”

அவர் தோளில் துண்டைப் போட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள்.

“அந்தத் தெரு முழுக்கக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் என் ஓட்டைப் பத்திப் பேசலாம்.”

ராவுத்தர் படியிறங்கியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.