எட்டெட்டு அறுபத்தைந்து

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். எட்டடிச் சதுர ரெக்சின் விரிப்பை நாலு துண்டாக வெட்டி, ஐந்துக்குப் பதின்மூன்று அடியுள்ள என் அறையில் மாற்றிப் போட்டார். சுவருக்குச் சுவர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

நான் அதிகம் படிக்காதவன்தான். ஆனாலும் எட்டெட்டு அறுபத்துநாலு, ஐந்து பதின்மூன்று அறுபத்தைந்து என்று தெரியும்.

“மிச்சம் ஒரு சதுர அடி எங்கேருந்து வந்துச்சு, மாப்ள?”

“மாமா, கணக்கை என்கிட்ட விடுங்க. நீங்க காலை நீட்டிப் படுங்க.”

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து நின்றார். அவர் வீட்டு விரிப்பில் சரியாக ஒரு சதுர அடியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்களாம். பேசும்போது எங்கள் கத்திரிக்கோலையே பார்த்தார். இந்த வயதில் எனக்குத் திருட்டுப் பட்டமா?

அவர் போனதும், “இப்பவே பழையபடி சதுரமாப் போடுங்க,” என்றேன்.

மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே, என் செருப்பு கிடந்த துண்டைச் செருப்போடு இழுத்துப் போட்டார். எட்டுக்கு எட்டு சரியாக வந்தது. செருப்பில் ஒன்றைக் காணவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் கத்தினார். “ஐயா, என் விரிப்பு முழுசாயிடுச்சு! அதுமேல உங்க செருப்பு ஒண்ணு கிடக்கு!”

“இப்ப யாருய்யா திருடன்?” என்றேன்.

அவர் தலை குனிந்தபடி கொண்டுவந்து கொடுத்தார். என்னுடையதுதான். நான் போட்ட தையல்கூட அப்படியே இருந்தது.

போனது இடது கால் செருப்பு. வந்தது வலது. இப்போது என்னிடம் இரண்டுமே வலது.