ஆம்பளைங்க பக்கம்

"இன்னாப்பா ஸ்டானிஸ்லாஸ், இது கோயிலா, மீன் மார்க்கெட்டா?"

கஸ்பார் திரும்பி முறைத்தார். ராயபுரம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்தில் கைக்குழந்தை வீல் வீலென்று கத்தினால் மனுஷருக்குக் கோபம் வராதா?

ஸ்டானிஸ்லாஸ் ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். "பொட்டப்புள்ளைய ஆம்பள வளக்கறதாவது! கன்னியாஸ்திரி மடத்துல வுட்டுடுடா" என்று எண்ணூரிலிருந்து அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணை நானே வளத்துக்கறேன்" என்று இவன் ஒற்றைக்காலில் நின்றான்.

"பேஜாரா கீதுப்பா. அந்தாண்ட பொம்பளைங்க கையில குடுத்துட்டு வா!" என்றார் கஸ்பார்.

ஸ்டானிஸ்லாஸ் தயங்கித் தயங்கிப் பெண்கள் பக்கம் போனான். இரண்டு பேர் கை நீட்டினார்கள்.

"ஒருத்தியும் வாங்காதீங்க! பெத்தவன்தானே? அவனே வச்சுக்கட்டும்."

சொன்னது யார்? கஸ்பாரின் மனைவி வியாகுலம்மாள்! அவள் மடியிலேயே ஒரு கைக்குழந்தை. அடிப் பாவி, அதுவும் ஒரு பெத்த வயிறா?

ஸ்டானிஸ்லாஸ் கூனிக் குறுகிப்போனான். பூசை முடியும்வரை வெளியே வெயிலில் நின்றான். அன்றைக்கே அக்காவுக்குச் சொல்லியனுப்பினான்: "வர்ற ஞாயித்துக்கெழம வந்து கூட்டினு போக்கா. என்னால முடியல."

அடுத்த ஞாயிறு. வாசலில் ரிக்‌ஷாவோடு அக்கா காத்திருந்தாள். உள்ளே கடைசி வரிசையில் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஸ்டானிஸ்லாஸ். குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. கஸ்பார் திரும்பினார்.

திரும்பியவர் மடியில் பொத்தென்று ஒரு குழந்தை விழுந்தது.

"இந்தாய்யா, புடி. உன் புள்ளைதான்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வியாகுலம்மாள் போய்விட்டாள். அவள் பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள் வந்து, அவரவர் புருஷன் மடியில் பிள்ளையை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல். யார் குழந்தை அழுகிறது என்று யாருக்குத் தெரியும்? பிரசங்கம் செய்துகொண்டிருந்த சாமியாரே சிரிப்பை அடக்க முடியாமல் தாடியைத் தடவினார்.

கஸ்பாரின் மீசை பிள்ளையின் கையில் சிக்கியிருந்தது.

"யப்பா ஸ்டானிஸ்லாஸ்... இத்த எப்டிப்பா சமாதானம் பண்றது?"

"தோள்ல போட்டு முதுகைத் தட்டுண்ணே. மெதுவா..."

பூசை முடிந்தது. அக்காவின் ரிக்‌ஷா குழந்தை இல்லாமலேயே திரும்பியது.

ஸ்டானிஸ்லாஸ் வியாகுலம்மாளிடம் போய் நின்றான். குழந்தையோடு சேர்த்துக் கை கூப்பினான். கண் கலங்கிவிட்டது.

"போன வாரம் உன்னை அழ வச்சிட்டேன், மனசுல வச்சுக்காத தம்பி" என்றாள் அவள். "அன்னிக்கு நாங்க வாங்கியிருந்தா, 'பாத்தியா, இது பொம்பள வேலதான்'னு சொல்லியே உன் கையிலேர்ந்து இவளைப் புடுங்கியிருப்பானுங்க."