ரொட்டிப் பைகள்

பூத்துக் கிடந்த ஆரஞ்சுத் தோப்புகள் வழியே நடந்து அந்தப் போர்த்துகீசிய மலையூருக்குள் நுழைந்தேன். விடிந்து வெகுநேரமாகியும் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஒவ்வொரு கதவுப்பிடியிலும் ரொட்டிக்காக ஒரு வெள்ளைத் துணிப்பை தொங்கியது. ஆனால் பூட்டுகள் துருவேறியிருந்தன. ஒரு வீட்டுக்குள் அத்திமரமே வளர்ந்து, கூரை இருந்த இடத்தில் தலைநீட்டியது. கையில் கிளை நறுக்கும் கத்தரியோடு தோப்பிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள்.

"இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். ஒரு வீட்டுக்காக ரொட்டி வண்டி இவ்வளவு மேடு ஏறி வருமா? அதான் எல்லாக் கதவுலயும் பை மாட்டுறேன். ரொட்டிக்காரர் கேட்டா, எல்லாரும் தூங்குறாங்கன்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு மரங்களுக்குள் மறைந்தாள்.

வண்டி வந்தது. ரொட்டிக்காரர் ஒவ்வொரு பையிலும் சூடான ரொட்டி வைத்தார். அத்திமரத்து வீட்டுப் பையிலும் வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "இன்னும் யாரும் எந்திரிக்கலையா?" என்றார்.

"தூங்குறாங்க."

அவர் அத்திமரத்தைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். வண்டியில் ஏறி, இன்ஜினைப் போடாமல், சத்தமே எழாதபடி சரிவில் உருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.