முதல் வரிசை

"மூணு வருஷமா அதே பன்னெண்டு பேரு. இந்தப் பேரிகை ஊர்ச் சபையை ஓசூரோட சேத்துடலாம்னு தலைமையில பேச்சு, பாஸ்டர். உங்க பிரசங்கம் யாரையாச்சும் தொட்டிருக்கான்னு கேக்கறாங்க" என்றார் மேற்பார்வையாளர் சாலமோன்.

நாகர்கோவில்காரரான ஜெபசிங் அசரவில்லை. "எண்ணிக்கைய விடுங்க ஐயா. எங்க எல்லம்மாவைப் பாருங்க."

எல்லம்மா ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள். ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கம் முடியும்வரை கண்ணீர் வழிய இருப்பாள். அன்றும் அப்படித்தான் இருந்தாள். ஆராதனை முடிந்ததும் ஜெபசிங் பெருமையோடு அவளை அழைத்து வந்தார்.

"ஸ்தோத்திரம்" என்று கும்பிட்டாள்.

"பாஸ்டர் இன்னிக்கு என்னம்மா சொன்னாரு?"

எல்லம்மா சிரித்தாள்.

"நெனப்புல இருக்கறதைச் சொல்லும்மா."

மறுபடியும் சிரித்தாள். சாலமோன் சற்று யோசித்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார். அவ்வளவுதான், அவள் மடை திறந்தது போல் பேசினாள்.

"என்ன சொல்லுதா?" ஜெபசிங்கின் குரல் இறங்கியிருந்தது.

"அந்தம்மா மாலூர்ப் பக்கமாம், பாஸ்டர். ஸ்தோத்திரத்தைத் தவிர தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாதாம்."

"அப்போ எதுக்கு வாரா? எதுக்கு அழுதா?"

"நீங்க பேசறது அந்தம்மாவுக்குப் புரியாதாம். அந்தம்மா பேசறது ஆண்டவருக்குப் புரியுதாம். நீங்க முடிக்கற வரைக்கும் அவருகிட்டதான் பேசிட்டு இருக்குமாம்."

ஜெபசிங் தலைகுனிந்து நின்றார். எல்லம்மா அவரைப் பார்த்து, தயங்கித் தயங்கி இன்னும் ஏதோ சொன்னாள்.

சாலமோன் சிரித்துவிட்டார். "பிரசங்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமான்னு கேக்குது."